மஞ்சள் பட்டை இல்லாத பதின்மூன்று பேர்

மார்ச் 2, திங்கள்

எட்டாம் வகுப்புச் சுற்றுலா என் தலையில் விழுந்துவிட்டது. தற்காலிக ஆசிரியையின் தலை என்றால் எது வேண்டுமானாலும் விழலாம். நாற்பத்திரண்டு பிள்ளைகள், ஒரு பேருந்து, ஊருக்கு வெளியே கேளிக்கைப் பூங்கா, காலை போய் மாலை திரும்ப வேண்டும்.

தலைமையாசிரியை பூங்காவின் பளபளப்பான விளம்பரத் தாளை என் பக்கம் தள்ளினார். "இதுல முன்பணச் சாப்பாட்டுத் திட்டம்னு ஒண்ணு இருக்கும்மா. வருஷா வருஷம் எல்லாருக்கும் சேர்த்தே போட்டுடுவோம். தலைவலி இல்ல."

வீட்டுக்கு வந்து படித்தேன். ஒரு ரொட்டி, ஒரு கை வறுத்த உருளைக்கிழங்கு, திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்ளும் பிளாஸ்டிக் கோப்பை. பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் பணம் போனது போனதுதான். அந்த விலைக்கு வெளியே இரண்டு பேர் வயிறு நிறையச் சாப்பிடலாம். என் வகுப்பில் பாதிப் பேருடைய அப்பா அம்மா நாள் கூலிக்காரர்கள். யாருக்குத் தலைவலி இல்லை?

மார்ச் 4, புதன்

ரகசியம் இன்று தெரிந்தது. சொன்னவர் விசில் சார். விளையாட்டு ஆசிரியர். கழுத்தில் விசில் இல்லாமல் அவரை அவர் மனைவியே அடையாளம் காண மாட்டார் என்று பேச்சு.

"பத்துப் பிள்ளைங்க திட்டம் வாங்கினா கூடப் போற ஒருத்தருக்கு எல்லாம் ஓசி. டிக்கெட், சாப்பாடு, கோப்பை, எல்லாம். உனக்கு யாரும் சொல்லலியா?"

அதாவது கூலிக்காரன் வீட்டுப் பணத்தில் ஆசிரியர் குளிர்பானம் குடிப்பது. எனக்குக் காது சூடானது. மதியக் கூட்டத்தில் எழுந்து இதையே சொன்னேன், கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில். நூலகர் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். விசில் சார் கூரையைப் பார்த்தார்.

"அப்போ என்ன பண்ணலாம்ங்கறீங்க?" என்றார் தலைமையாசிரியை.

கட்டாயம் வேண்டாம் என்றேன். பெற்றோர் கையெழுத்துப் போடும் தாளில் இரண்டு பெட்டி போடுவோம், வேண்டும், வேண்டாம். வேண்டாதவர்கள் வீட்டுச் சாப்பாடு கொண்டு வரட்டும். ஆசிரியர் இலவசம் எனக்குத் தேவையில்லை.

அவர் பேனாவை மூடி வைத்தார். "சரி. உங்க பொறுப்பு."

வென்றேன்! அறையை விட்டு வரும்போது விசில் சார் காதோரம், "என்ன புரட்சி, நாளைக்கு யார் மேல வழக்கு?" என்றார். இனி அதுதான் என் பெயராம்.

மார்ச் 5, வியாழன்

அக்காவிடம் பெருமையடித்தேன். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று பில் போட்டுவிட்டு வந்து கால் வீங்கிப் படுத்திருந்தாள். கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "அந்தத் தாளை யார்டி வீட்டுக்குக் கொண்டு போவாங்க?"

பிள்ளைங்கதான், வேற யாரு.

"ம்" என்றாள். தூங்கிவிட்டாள்.

மார்ச் 10, செவ்வாய்

பூங்காவுக்குப் போன் பண்ணினேன். வீட்டுச் சாப்பாடு கொண்டு வரலாமா? "தாராளமா மேடம்." முடிந்தது. இதற்கா இத்தனை பயம் காட்டினார்கள்.

மார்ச் 12, வியாழன்

தாள்கள் எல்லாம் வந்துவிட்டன. இருபத்தொன்பது வேண்டும், பதின்மூன்று வேண்டாம்.

பதின்மூன்று குடும்பத்துக்கு மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். எறும்பு என்று எல்லாரும் கூப்பிடும் பெண்ணின் தாளில் கையெழுத்து கொஞ்சம் உருண்டையாக இருந்தது. அவள் அம்மா பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறவர். அதிகம் எழுதிப் பழக்கமிருக்காது.

எறும்பு வகுப்பிலேயே குட்டி. அவள் தோழி நெட்டை வகுப்பிலேயே உயரம். இரண்டும் ஒட்டிப் பிறந்ததுபோல் திரியும். பூங்காவில் ஒரு ரோலர் கோஸ்டர் இருக்கிறது, பிள்ளைகள் அதை மலைப்பாம்பு என்கிறார்கள். நூற்று நாற்பது சென்டிமீட்டர் இருந்தால்தான் ஏற்றுவார்கள். ஆறு மாதமாக வகுப்புக் கதவு நிலையில் பென்சில் கோடு ஏறிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு திங்களும் நெட்டை அளப்பாள். இன்று வியாழனாக இருந்தும் அளந்தார்கள்.

"டீச்சர்! நூத்தி நாப்பது! முடியை அமுக்கியே!"

வகுப்பே கத்தியது. பக்கத்து வகுப்புக் கணக்கு ஆசிரியர் எட்டிப் பார்த்து முறைத்தார். நானும் கத்தியிருந்தேன்.

மார்ச் 20, வெள்ளி

நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்குச் சாதகமாக மாற்றிவிடுவேன்.

வாசலில் திட்டக்காரர்கள் இருபத்தொன்பது பேருக்கும் மணிக்கட்டில் மஞ்சள் காகிதப் பட்டை ஒட்டினார்கள். விசில் சாருக்கும் நூலகர் அம்மாவுக்கும் இலவசப் பட்டை. பதின்மூன்று பேர் கையை என்ன செய்வது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்கள். இதை நான் அப்போதே பார்த்தேன். காகிதம்தானே என்று விட்டேன்.

மலைப்பாம்புக்குக் காலையிலேயே பெரிய வரிசை. நெட்டைதான் யோசனை சொன்னாள். எல்லாரும் சாப்பிடப் போகும் நேரத்தில் கூட்டம் குறையும், சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்கு ஏறலாம். நல்ல யோசனை. அப்படியே முடிவு செய்தோம்.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் என் பதின்மூன்று பேரும் டப்பாவைத் திறந்தார்கள். சீருடைக்காரர் ஒருவர் வந்தார். "மேடம், வெளிச் சாப்பாடு உள்ள சாப்பிடக் கூடாது. வெளிய பஸ் நிக்கற எடத்துல கொட்டகை இருக்கு. கையில முத்திரை வாங்கிட்டுப் போயிட்டு வாங்க."

கொண்டு வரலாம் என்று சொன்னார்களே! சொன்னார்கள்தான். எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்று நான் கேட்கவில்லை. விலையைக் கேட்டேன், நியாயத்தைக் கேட்டேன், ஓசி யாருக்கு என்று கேட்டேன். இதைக் கேட்கவில்லை.

டப்பாக்களை மூடினார்கள். முட்டை வாசனை வந்தது. நெட்டை எழுந்தாள், "நானும் இவளோட போறேன் டீச்சர்." வேண்டாம், உன் சாப்பாடு வீணாகும் என்று நான்தான் உட்கார வைத்தேன். அதுவும் நான்தான்.

வாசலுக்கு இருபது நிமிட நடை. புறங்கையில் நீல மை முத்திரை. தகரக் கொட்டகை, பேருந்துப் புகை, நான்கு பெஞ்சு. எங்கள் டிரைவர் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தார், நகர்ந்து இடம் கொடுத்தார். குழாயில் தண்ணீர் வரவில்லை.

பிள்ளைகள் அழவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வாழைப்பழத்தைப் பாதியாக ஒடித்துக் கொடுத்துக்கொண்டு, "இங்க காத்து நல்லா வருது டீச்சர்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

வேலிப் பக்கம் விசில் சத்தம். கம்பி இடுக்கில் ஒரு கை, கையில் பிளாஸ்டிக் கோப்பை.

"வாங்கிக் குடிங்கடா. மிஷின் பத்து நிமிஷத்துக்கு ஒருதடவைதான் ஊத்துமாம். கஞ்சப் பய மிஷின்."

நான்கு தடவை வந்தார். நூலகர் அம்மாவின் கோப்பையையும் பறித்துக்கொண்டு வந்தார். நான் வேண்டாம் என்ற அதே ஓசிக் கோப்பை. "கொட்டகை சமாச்சாரம் உங்களுக்குத் தெரியுமா சார்?" என்றேன்.

"டிரைவர் எப்பவும் அங்கதானே சாப்பிடுவாரு. தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீ எங்க கேட்ட? கூட்டத்துல எங்களைத் திருடங்க மாதிரி பேசிட்டே போன. வாயை மூடிக்கிட்டேன். அது என் தப்புதான்."

திரும்பி உள்ளே போகும்போது வாசலில் அரைநாள் டிக்கெட் கூட்டம். முத்திரைக்காரர்களுக்கும் அதே வரிசை. நுழைந்தபோது இரண்டு இருபது. மலைப்பாம்பின் பலகையில் காத்திருக்கும் நேரம் நூற்றுப் பத்து நிமிடம் என்று எரிந்தது. பேருந்து நான்கு மணிக்கு.

நெட்டை வரிசை வாசலில் நின்றிருந்தாள், ஒரு மணியிலிருந்து. அவளோடு வந்த மற்றவர்கள் ஏறி இறங்கி இரண்டாம் தடவைக்கு ஓடிவிட்டார்களாம். இவள் ஏறவில்லை. காகிதக் கைக்குட்டையில் ஆறிப்போன உருளைக்கிழங்கு சுற்றி வைத்திருந்தாள்.

எறும்பு பலகையைப் பார்த்தாள். பிறகு உயரம் அளக்கும் கட்டையின் கீழ் போய் நின்றாள். நின்று காட்டிவிட்டு வந்தாள். "சரியா இருக்கேன் டீச்சர். ஏத்திக்கிட்டிருப்பாங்க."

திரும்பும் பேருந்தில் நாற்பத்திரண்டு கைகள். மஞ்சள் பட்டை, நீல மை. கையைப் பார்த்தே யார் வீடு எப்படி என்று சொல்லிவிடலாம். இந்த ஏற்பாட்டைச் செய்தவள் நான். பூங்காக்காரன் இல்லை. நான்.

மார்ச் 21, சனி

திட்டம் வாங்கியவர்களும் நாற்பது நிமிடம் வரிசையில் நின்றுதான் ரொட்டி வாங்கினார்களாம். ரொட்டி காய்ந்திருந்ததாம். இதைக் கேட்டதும் ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். எவ்வளவு கேவலம்.

மார்ச் 23, திங்கள்

காலை இடைவேளையில் எறும்பின் அம்மா வந்தார். தொழிற்சாலைத் தொப்பியைக் கையில் கசக்கிப் பிடித்திருந்தார். ஒரு மணி நேரம் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்த ஒரு மணிக்குக் கூலி போகும்.

"டீச்சர், அந்தத் தாளைக் கொஞ்சம் காட்டுங்க."

காட்டினேன்.

"இது என் கையெழுத்து இல்ல. இந்தத் தாள் எனக்கு வரவேயில்ல. டிக்கெட் பணம் மட்டும்தான் கேட்டா, சாப்பாடு அங்கயே குடுப்பாங்கன்னு சொன்னா. காலைல அவளே முட்டை அவிச்சிருக்கா, நான் வேலைக்குப் போனப்புறம்."

தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"நான் பணம் எடுத்து வச்சிருந்தேன் டீச்சர். அவ மலைப்பாம்பு மலைப்பாம்புன்னு ஆறு மாசமா பேசறா, தெரியாதா எனக்கு? எங்க வீட்ல என்ன இருக்கு, என்ன இல்லன்னு முடிவு பண்ண வேண்டியவ நான். அந்தக் கேள்வியை நீங்க ஏன் பதிமூணு வயசுப் பொண்ணுகிட்ட குடுத்து அனுப்பினீங்க?"

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மன்னிச்சிடுங்க அக்கா என்றேன். தலையாட்டிவிட்டு வேகமாகப் போனார், நேரமாகிவிட்டது.

மார்ச் 24, செவ்வாய்

அக்காவிடம் சொன்னேன். இந்தத் தடவை கண்ணைத் திறந்தாள்.

"நீ பண்ணினதைத்தானே அந்தப் பொண்ணும் பண்ணியிருக்கு."

மறக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு, இரண்டு நாள் சுற்றுலா. அம்மாவிடம் காட்டாமல் நானே 'வேண்டாம்' போட்டுக் கொடுத்தேன். யாருக்கும் தெரியாது என்று இன்றுவரை நினைத்திருந்தேன்.

"அம்மாவுக்குத் தெரியும்டி. பஸ் கிளம்பின அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ரெண்டு நாள் சரியா சாப்பிடல. நீ தியாகம் பண்ணின மெதப்புல கவனிக்கல."

அடுத்த அறையில் அம்மா யாருடைய காற்சட்டையையோ சுருக்கித் தைத்துக்கொண்டிருந்தாள். தையல் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. கேட்டிருக்குமா? போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "என்ன?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். நூல் கோத்துக் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தேன்.

எனக்கே நடந்தது. எனக்கே! அப்படியிருந்தும் அந்தப் பெட்டியை நான்தான் வரைந்தேன்.

மார்ச் 27, வெள்ளி

தலைமையாசிரியை ஒரு பக்க அறிக்கை கேட்டிருந்தார். சாப்பாட்டுத் திட்டம் பயனுள்ளதா, இல்லையா. மூன்று தாள் கிழித்தேன். கடைசியில் கொடுத்தது:

'சாப்பாடாகப் பார்த்தால் திட்டம் பயனற்றது. விலை அதிகம், ரொட்டி காய்ந்தது. குடும்பமாகப் போகிறவர்களுக்கு வேண்டாம் என்பேன். வகுப்பாகப் போகும்போது கணக்கு வேறு. உள்ளேயே உட்கார இடமும் ஒரு மணி நேர மிச்சமும் அதில் வாங்குகிறோம். எனவே எல்லாருக்கும் வாங்க வேண்டும், அல்லது ஒருவருக்கும் வாங்கக் கூடாது. சிலருக்கு மட்டும் என்பது இரண்டையும்விட மோசம். சென்ற வாரம் அதை ஏற்பாடு செய்தது நான். எல்லாருக்கும் வாங்கினால் அதைத் தனியாக எழுதக் கூடாது, சுற்றுலாக் கட்டணம் என்று ஒரே தொகையாக இருக்க வேண்டும். முடியாதவர்களின் பெற்றோர் உங்களிடம் நேரில் பேசட்டும், பிள்ளை வழியாக அல்ல. ஆசிரியர் இலவசம் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. சொன்ன விதத்துக்கு வருந்துகிறேன்.'

அவர் இரண்டு முறை படித்தார். "ஓசியை மட்டும் விடமாட்டீங்க!"

"மாட்டேன் மேடம்."

முதல் தடவையாகச் சிரித்தார். தாளை இழுப்பறையில் வைத்தார். அங்கே போன தாள்கள் திரும்பி வந்ததாக வரலாறு இல்லை.

பிப்ரவரி 24, புதன்

ஒப்பந்தம் இன்னொரு வருடம் நீண்டதால் சுற்றுலாவும் மறுபடி என் தலையில். இந்த வருட எட்டாம் வகுப்பு முப்பத்தெட்டுப் பேர். தாள் இன்று வீடுகளுக்குப் போனது. ஒரே தொகை, கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. பெட்டி எதுவும் இல்லை.

முப்பத்தெட்டுக்கு மூன்று இலவசப் பட்டை வருகிறது. ஒன்று நூலகர் அம்மாவுக்கு. சர்க்கரைக்காரர், நேரத்துக்கு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவர் ஒரு அதட்டல் போட்டால் சாப்பாட்டுக் கூடமே அடங்கும். மற்ற இரண்டும் உடன் வந்து சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒன்பதாம் வகுப்பு உதவியாளர்களுக்கு. பட்டியலைத் தலைமையாசிரியை கையெழுத்திட்டுக் கொடுத்தார். பெயர்களைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

எறும்பின் உதவியாளர் தாளை மட்டும் இந்தமுறை நானே கொண்டுபோனேன், தொழிற்சாலை வாசலுக்கு, வேலை விடும் நேரம். எறும்பின் அம்மா நின்றபடியே படித்து, என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். கூர்மையான, சாய்ந்த எழுத்து. உருண்டையே இல்லை.

எறும்பு இப்போது நூற்று நாற்பத்தாறு. நெட்டை இன்னும் அளந்துகொண்டுதான் இருக்கிறாள்.

மதியம் நான் வெளியே கொட்டகையில் சாப்பிட்டுக்கொள்வேன், டப்பா கட்டிக்கொண்டு. டிரைவர் இருப்பார் பேச்சுத் துணைக்கு. இதை ஆசிரியர் அறையில் சொன்னேன். விசில் சார் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எனக்கும் ரெண்டு முட்டை அவிச்சுக் கொண்டு வா, புரட்சி. இந்த வருஷம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு கோப்பை நீட்ட எனக்குத் தெம்பு இல்ல."