வரும் என்று நீ சொன்ன மாத்திரை

அன்புள்ள தம்பிக்கு,

நீ நன்றாக இருக்கிறாய் என்பது தெரியும். புது வீட்டு வாசலில் எல்லோரும் நிற்கிற படத்தை உன் மனைவி போன வாரம் அனுப்பியிருந்தாள். கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாய். இங்கே நாங்களும் இருக்கிறோம். போனில் கேட்டால் 'மீட்டிங்ல இருக்கேன்க்கா' என்று நழுவிவிடுகிறாய். நழுவ முடியாத அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிடுகிறாய். கடிதத்தில் நான் பேசி முடிக்கிற வரை நீ வாயைத் திறக்க முடியாது பார், அதனால்தான் பேனாவை எடுத்தேன். ஆபீஸுக்கு அனுப்பினால் வேறு யாராவது பிரித்துவிடுவார்களோ என்று வீட்டு முகவரிக்கே போடுகிறேன்.

உண்மையில் உனக்கு நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். மாமாவுக்கு நீ ஏற்பாடு செய்த பார்சல் வந்து சேர்ந்தது. ஒரு வருஷத்துக்கான மாத்திரை! பிரித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மாதம் பிறந்தால் ஆஸ்பத்திரி மருந்துக்கடைக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது என்று இருந்தவளுக்கு அழுகை வராதா? மாமா வழக்கம்போல், 'உன் தம்பி என்னை இன்னும் ஒரு வருஷத்துக்கு உங்கிட்டயே மாட்டிவிட்டுட்டான்' என்று சொல்லிச் சிரித்தார். அவருக்கு ரத்தத்தில் வந்த நோய், தினம் ஒரு மாத்திரை விழுங்கினால் அடங்கிக் கிடக்கும், விட்டால் தலைதூக்கும். அதை வைத்துக்கொண்டு இந்தப் பேச்சு. வேலைக்கும் போகிறார். போன வாரம்கூட ஒரு துணிக்கடை லிஃப்டுக்கு மேலே ஏறிக் கம்பியை மாற்றிவிட்டு வந்தார்.

அப்புறம்தான் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். அது உங்கள் கம்பெனி மாத்திரை இல்லை. நீங்கள் கோர்ட்டுக்கு இழுத்தீர்களே, அந்தப் பெரிய கம்பெனியின் மாத்திரை. சரி, பாசத்தில் கடையில் வாங்கி அனுப்பியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் கடை பில் இல்லை. விலை இருக்க வேண்டிய இடத்தில் 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்திருக்கிறது. அனுப்புநர் இடத்திலும் உன் பெயர் இல்லை, அவர்கள் பெயர்தான் இருக்கிறது. முதல் நாளே 'ஒரு பார்சல் வரும்க்கா, யார்கிட்டயும் சொல்லிக்க வேண்டாம்' என்று செய்தி அனுப்பினாயே, ஏன்? எந்த மருந்தை யாரிடமும் சொல்லாமல் சாப்பிட வேண்டியிருக்கிறது? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக அல்லவா இருக்கிறது!

சந்தேகப்படுவதுதான் என் பிழைப்பு என்று நீ கேலி செய்வாய். செய்துகொள். பஸ்ஸில் ஏறி டிக்கெட் கேட்டே என் பாதி ஆயுசு போய்விட்டது. பையையும் சட்டைப் பாக்கெட்டையும் துழாவுகிறவனிடம் எப்படியும் டிக்கெட் இருக்கும். எடுக்காதவன் துழாவ மாட்டான், ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான். இல்லாவிட்டால் 'மேடம், இன்னைக்கு வெயில் ஜாஸ்தி இல்ல?' என்று என்னையே நலம் விசாரிப்பான். போன மாதம் வீடியோவில் பேசினோமே, மாமா உன்னிடம் 'நம்ம மாத்திரை எப்பப்பா வருது?' என்று கேட்டார். நீ ஒரு பக்கமாகப் பார்த்துவிட்டு, அங்கே மழை உண்டா என்று கேட்டாய். மாமா பாவம், மழையைப் பற்றி விலாவாரியாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் மழையைக் கவனிக்கவில்லை, உன்னைத்தான் கவனித்தேன்.

நீ எப்படி இருந்தவன் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? டையைக் கட்டிக்கொண்டு மருந்து வரிசையில் எங்களோடு மதியம் வரை நின்றாய். நமக்கு முன்னால் நின்ற அம்மா, பேக்கரியில் மாவு பிசைகிறவள், மாமாவுக்கு இருக்கிற அதே நோய்க்காரி, காசு போதாமல் பாதி மாதத்துக்கு மட்டும் மாத்திரை வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்து உனக்கு முகமே மாறிவிட்டது. வெளியே வந்து, இந்த மாத்திரையைச் செய்ய ஆகிற செலவு ஒரு டீக்குக்கூட வராது, மீதியெல்லாம் அந்தக் கம்பெனிப் பேருக்குக் கொடுக்கிற காசு என்றாய். அந்த அம்மாவையே கூப்பிட்டு, 'கொஞ்சம் பொறுத்துக்கங்கம்மா, நம்ம மாத்திரை வந்துடும், பத்துல ஒரு பங்கு விலைதான்' என்று சொன்னாய். வாய்ப்பேச்சோடும் நிற்கவில்லை. தொழிற்சாலையிலேயே படுத்துக் கிடந்தாய். ஒரிஜினலுக்கும் உங்களுடையதற்கும் இம்மி வித்தியாசம் இல்லை என்று அரசாங்கம் அனுமதி கொடுத்த அன்றைக்கு விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டு, பெரிய அதிகாரி என்பதையும் மறந்து அழுதாய். அந்தப் பெரிய கம்பெனியின் காப்புரிமை செல்லாது என்று வழக்குப் போட்டதும் நீங்கள்தான். 'ஜெயிச்சிடுவோம்க்கா' என்று எத்தனை தடவை சொன்னாய்!

இப்போது என்ன ஆயிற்று என்பதை நீ சொல்லவில்லை, டிப்போ கேன்டீன் டிவி சொல்லிற்று. இரண்டு கம்பெனிகளும் சமாதானமாகப் போய்விட்டனவாம், வழக்கு வாபஸாம், உங்கள் மாத்திரை ஐந்து வருஷம் கழித்துத்தான் கடைக்கு வருமாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஜெயிக்கப் போகிறவன் எதற்கு வாபஸ் வாங்க வேண்டும்? எங்கள் டைம்கீப்பருக்கு ஒரு வக்கீல் மருமகன். அவரிடம் கேட்டுவந்து டைம்கீப்பர்தான் விளக்கினார். மலிவு மாத்திரை வந்தால் பெரிய கம்பெனிக்கு நஷ்டம், அதனால் சின்னக் கம்பெனிக்கு ஒரு தொகையைக் கொடுத்துச் சும்மா இருக்க வைத்துவிடுவார்களாம். 'விக்காம இருக்கறதுக்குக் கூலி மேடம்' என்றார். விற்றால் வருவதைவிட விற்காமல் இருந்தால் அதிகம் வருமாம். என் தம்பியைப் பற்றி உனக்கு என்னய்யா தெரியும் என்று கத்திவிட்டு, டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். கேன்டீனே திரும்பிப் பார்த்தது.

அடுத்த வாரம் பார்சல் வந்தது.

உன் புது வீட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. லோன் போட்டிருப்பாய். சம்பளம் உயர்ந்திருக்கும். ஆனால் சந்தேகம் இருக்கிறதே, அது ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லா அறைக்கும் போய்வருகிறது. படத்தைப் பெரிதாக்கி வாசல் கதவையும் விளக்கையும் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி வீடு கட்டினால் அக்கா சந்தோஷப்பட வேண்டாமா? என்னை அப்படி உட்கார வைத்துவிட்டாயே என்று உன்மேல்தான் ஆத்திரம் வந்தது.

ஒருவேளை முதலாளிகள் முடிவெடுத்துவிட்டு உன் தலையில் கட்டியிருக்கலாம். நீ சண்டை போட்டும் கேட்காமல் இருந்திருக்கலாம். அப்படியானால் 'தோத்துட்டேன்க்கா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! தோற்றுப்போய் வந்தவனை நான் என்றைக்காவது ஏசியிருக்கிறேனா? ஆனால் தோற்றவன் அக்கா வீட்டுக்கு ஜெயித்தவன் எதற்குப் பரிசு அனுப்புகிறான்? அந்த ஒரு இடத்தில்தான் எனக்கு இடிக்கிறது. எப்படிச் சுற்றி வந்தாலும் அங்கேயே வந்து நிற்கிறேன்.

மாமாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. மனுஷன் தானாகவே டப்பாவைப் படித்துத் தெரிந்துகொண்டார். இதற்கிடையில் பேக்கரியம்மா செய்தி ஒன்று வந்தது. அவளுக்கு ரத்தப் பரிசோதனை மோசமாக வந்திருக்கிறது. டாக்டரம்மா குடைந்து கேட்டதில், மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் சாப்பிட்டாளாம். ஏன் என்றால், மலிவு மாத்திரை இதோ வந்துவிடும், அதுவரை இருப்பதை நீட்டிக்கலாம் என்று. அவளுக்கு அந்த நம்பிக்கையைக் கொடுத்தவன் நீ. வரிசையில் பார்க்கும்போதெல்லாம் 'வந்துடும், வந்துடும்' என்று தண்ணீர் ஊற்றி வளர்த்தவள் நான். அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

மாமா டப்பாக்களைச் சரிபாதியாகப் பிரித்துப் பையில் போட்டார். நான் குறுக்கே நின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இது உங்கள் உயிர், யாருக்கும் தர விடமாட்டேன் என்று பையைப் பிடித்து இழுத்தேன். பாதி வழியில் நிற்கிற லிஃப்டில் தனக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டால் தான் இறங்கிவிடுவேனா என்று கேட்டார். இறங்கத்தான் வேண்டும், இறங்காவிட்டால் நான் இழுப்பேன் என்றேன். சிரித்துக்கொண்டே என் கையை விலக்கிவிட்டுச் செருப்பைப் போட்டார். வேறு வழியில்லாமல் நானும் கூடப் போனேன். ஆக, ஒரு வருஷம் இப்போது ஆறு மாதம் ஆகிவிட்டது. அதற்காக இன்னொரு பார்சல் அனுப்பிவிடாதே. அனுப்புவதானால் வரிசை முழுவதற்கும் அனுப்பு.

பேக்கரியம்மா கை மாவைத் துடைத்துவிட்டு டப்பாவை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு அந்த எழுத்தெல்லாம் படிக்கத் தெரியாது. 'இதுதான் உங்க தம்பி மாத்திரையாக்கா? வந்துடுச்சா? என்ன விலை போட்டிருக்காரு? நாளைக்கே மத்தவங்களுக்கும் சொல்லிடவா?' என்று கேட்டுக்கொண்டே போனாள். உன் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தினாள். மாமா சுவரைப் பார்த்தார். உனக்காக டிப்போவில் சண்டை போட்டவள், அங்கே ஒரு வார்த்தை பேச முடியாமல் நின்றேன்.

கடைசியில் ஒரு பிரெட் காகிதத்தில் உன் போன் நம்பரை எழுதி, விலையை அவனிடமே கேட்டுக்கொள் என்று கொடுத்துவிட்டு வந்தேன். ஆபீஸ் நம்பர் இல்லை, நீ எங்கே இருந்தாலும் எடுப்பாயே, அந்த நம்பர். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு, அன்றைக்குக் கூப்பிடுவாள். அவள் கேட்டு வந்து சொல்வதற்காக வரிசையே காத்துக்கொண்டிருக்கிறது. மீட்டிங்கில் இருந்தாலும் எடு. என்னிடம் சொல்ல வாய் வராததை அவளிடமாவது சொல். வரும் என்றால் எப்போது என்று சொல். வராது என்றால், ஒரு நாளும் விடாமல் மாத்திரை சாப்பிடச் சொல்லி, அதை எங்கே போய் வாங்குவது என்பதையும் நீயே சொல்.

நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும், எந்த வரிசையிலும் நிற்க வேண்டிய நிலை வராமல், ஒரு மாத்திரைகூடத் தேவைப்படாமல், அந்த வீட்டில் நூறு வருஷம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன்னை இன்னும் நம்பப் பார்க்கிற
அக்கா