அம்மாவுக்கான பட்டன்கள்

14 ஜூன் 2005, செவ்வாய்

ஸ்டூடியோவில் என்னோடு வேலை செய்யும் ஷீபாவை நினைத்தால் ஆச்சரியம் இன்னும் தீரவில்லை. பொன்முடி எஸ்டேட்டிலிருந்து செல்வி தன் கல்யாண டிவிடியை வாங்க அம்மாவோடு எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்திருந்தாள். டிஸ்க்கைப் போட்டதும் டிவியில் முதலில் வரும் மெனுவைச் செய்தது நான். மருதாணி, தாலிகட்டு, விருந்து என்று பொன்னிற எழுத்தில் பட்டன்களை ஒரே சீராக அடுக்கியிருந்தேன். பெருமையாகக் காட்டினேன்.

பக்கத்து கம்ப்யூட்டரிலிருந்து ஷீபா கேட்டாள்: "மோளே, வீட்டுல ரிமோட்டை யாரு அமுக்குவா?"

"அம்மாதான் சேச்சி. நான் அடுத்த வாரம் அவரோட மஸ்கட் போறேன்." செல்வி குரலைத் தாழ்த்தினாள். "அம்மாவுக்கு எழுத்து தெரியாது."

எனக்கு இதைக் கேட்கத் தோன்றவே இல்லை. ஷீபா என் இடத்தில் உட்கார்ந்து எழுத்துகளை அழித்தாள். ஒவ்வொரு பட்டனிலும் அந்தந்தக் காட்சியின் படத்தை வைத்தாள். பெரிதாக்கினாள். ஒன்றின் மேல் ஒன்று ஏறி முகங்கள் மறையாதபடி நகர்த்தினாள். புது டிஸ்க்கை டிவியில் போட்டு, ரிமோட்டை அம்மாவிடம் கொடுத்தாள்.

அம்மா தாலிகட்டைத் தாண்டினார். விருந்தையும் தாண்டினார். மருதாணிக் கையோடு செல்வி சிரிக்கும் முதல் படத்துக்கே திரும்பி வந்து, யாரையும் கேட்காமல் அமுக்கினார்.

வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். அந்தக் காட்சி முடியும்வரை ஷீபா யாரையும் உள்ளே கூப்பிடவில்லை.