வேப்பிலையை நம்பாதே

கொட்டாஞ்சேனை, 1997

அன்புள்ள றஞ்சிதம்,

வேப்பிலைச் சாறு கிருமியைக் கொல்லும் என்று வானொலியில் சொன்னது எங்கள் ஆய்வுகூடத்தைப் பற்றித்தான். அதைக் கேட்டதிலிருந்து, ஷெல் பட்ட மகளின் காலை எடுக்கவேண்டும் என்ற டொக்டருக்கு நீ சம்மதிக்கவில்லையாம். வன்னியிலிருந்து வந்த உங்கள் கோயில் பாதர் சொன்னார்.

கண்ணாடித் தட்டில் கிருமி செத்தது உண்மை. அந்தத் தட்டில் எலும்பும் இல்லை, ஷெல் துண்டும் இல்லை.

இங்கே வெள்ளவத்தையில் எந்தப் பாமசியிலும் கிடைக்கிற, கிருமியைக் கொல்லும் குளிசையை ஆமிக்காரர் வவுனியாவுக்கு அப்பால் விடுகிறார்கள் இல்லை. ஒளித்தாவது கொண்டுபோகச் சொல்லிப் பாதரிடம் கெஞ்சினேன்.

"தம்பி, போனமுறை காய்ச்சலுக்குப் போடுற பனடோலையே பறிச்சவங்கள். கடிதம் எண்டாத் தாரும், கொண்டுபோறன்."

எங்கள் பேராசிரியருக்கு ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. "உங்கட சனத்துக்கு மருந்து இனி வீட்டு முத்தத்து வேம்பிலயே இருக்கு ஐசே!" என்று முதுகில் தட்டினார். "உங்கட பிள்ளைக்கும் அதையே கட்டுவீங்களா சேர்?" என்றேன். அதன் பிறகு அவர் என்னோடு கதைப்பதில்லை.

வேப்பிலை அவித்த தண்ணீரால் புண்ணைக் கழுவு. அதை நம்பிக் காத்திராதே. முழங்காலுக்கு மேலே என்று டொக்டர் சொன்னாலும் சம்மதி.

கண் விழித்து அவள் அழுதால், அப்பாதான் வெட்டச் சொன்னார் என்று சொல். என்னைத் திட்டுவதற்காவது அவள் இருக்கவேண்டும்.

அவளுடைய அப்பா