மூச்சு எடுக்காத குழல்

தம்பிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. கேட்டால் "சூப்பரா இருக்கேன்க்கா" என்று போனில் எழுத்தாக மட்டும் வந்துவிடுகிறது. நீ எந்தக் காலத்தில் சூப்பராக இருந்தாய்? அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

டயர் கடை மாடியில் நம் ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரி நடக்கிறது. போன வாரம் மழையிலும் படிக்கட்டுவரை கூட்டம். "இந்த ஊர்ல ஊதுனா யாருக்குக்கா கேக்கும்?" என்று சண்டை போட்டுவிட்டுப் போனாயே, இவர்களுக்குக் கேட்கும்.

நீ அனுப்பிய புதுப் பாட்டை அங்கே போட்டுக் காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத்தான் கை எழவில்லை. சின்ன வயதிலிருந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து தபேலா வாசிக்கிறவள் நான். அடுத்த வரிக்கு முன் நீ மூச்சை இழுக்கிற சத்தத்தை வைத்துத்தான் கையை ஓங்குவேன். அந்தப் பாட்டில் கேட்பது உன் குழல்தான். ஆனால் முதலிலிருந்து கடைசிவரை அது ஒரு இடத்திலும் மூச்சு எடுக்கவில்லை.

அந்த இசைக் கம்பெனிக்கு நீ போன புதிதில், "பாட்டே இல்லக்கா, ஒவ்வொரு சுரமா தனித்தனியா ஊதச் சொல்லி கம்ப்யூட்டர்ல பதிவு பண்றாங்க, அதுவே கோத்துக்குமாம்" என்றாய். அப்போது சிரித்தேன்.

அதே கம்பெனி இப்போது நம் வயலின்காரரைக் கூப்பிட்டிருக்கிறது. பெட்டி கட்டிவிட்டார். நேற்று எனக்கும் அழைப்பு வந்தது.

"தபேலாவ எடுத்துட்டு வாங்க மேடம், ஒவ்வொரு அடியா அடிச்சாப் போதும்."

உன்னைப் பற்றிக் கேட்டேன்.

"அவர் வேலைதான் முடிஞ்சிருச்சே."

தம்பி, பாட்டு எதுவும் அனுப்பாதே. கூப்பிடு. பேசக்கூட வேண்டாம், ஒரு தடவை மூச்சை இழு. நீதானா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

போனை மடியில் வைத்திருக்கும்,
அக்கா