லோடர் வந்த மாசி மாதம்

மாசி 6, சனி
விடியத் தூறல், பிறகு வெயில். நிசாம் காக்காவோட லோடர் பார்க்கப் போனது. ஓட்டமாவடி மெக்கானிக், என்னைவிடப் பத்து வயசு மூப்பு.

சாமான் பழசு. சுனாமிக் கடல் வந்த பிறகு இடிபாடு அள்ள ஒரு வெளிநாட்டு நிறுவனம் கொண்டு வந்தது. அவங்க போய்ட்டாங்க. இது தென்னைகளுக்குள்ள நிண்டு துருப்பிடிச்சிருக்கு. ஸ்டியரிங் இல்ல, ரெண்டு தடிதான். ஒரு பக்கச் சில்லு நிக்க, மற்றப் பக்கம் ஓட, நிண்ட இடத்திலயே சுழலும். இடிபாட்டு வேலையில நான் கூலிக்கு நிண்டபோது ஓட்டப் பழகினது.

காக்கா பார்த்தவை:
எண்ணெய் – பால் தேத்தண்ணி நிறமில்ல. தண்ணி கலக்கல்ல.
மூட்டுப் பின் – ஆட்டம். மாத்தலாம்.
செயின் – நல்லம்.
ஹோஸ் – எல்லாம் வெடிப்பு.

"எஞ்சினுக்கு உசிர் இருக்கு தம்பி. எடுங்க."

எடுத்தாச்சு.

மாசி 7, ஞாயிறு
செட்டிபாளையத்துக்கு, வீட்டுக்குக் கொண்டு வந்தன். என்ட பெண்சாதி வசந்தி வெளிய வரல்ல. கதவைச் சாத்திப்போட்டா.

யோசிச்சிருக்கணும். மகளைக் கண்டெடுத்தது இது மாதிரி ஒண்டுதான். இடிஞ்ச சுவரைத் தூக்கி, நாலாம் நாள். அவவுக்கு அந்தச் சத்தம் அது. எனக்கு வேற. எத்தனை பேருக்குப் பிள்ளை கிடைக்கவே இல்ல. எங்களுக்குக் கிடைச்சுது, மண்ணில வைச்சம். இதை அவட்டச் சொல்லத் தெரியல்ல.

மாசி 9, செவ்வாய்
ரேடியேட்டர் முழுக்கத் தூசு, எலிக்கூடு. கழுவினது. மூட்டெல்லாம் கிறீஸ். முதுகு நோ.

வசந்தி தேத்தண்ணி கொண்டு வந்தா. போகாம நிண்டா.

"இந்தச் சத்தம் கேட்டா இப்பவும் நெஞ்சு இறுகுது."

"வித்துப்போடவா?"

"வேணாம். அஞ்சு வருசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் வேலை செய்யக்குள்ள பாடினீங்க."

நான் பாடினதா? தெரியாது.

மாசி 11, வியாழன்
கிரான். முதல் வேலை. வட்டை வயலுக்குப் போற மண்பாதையை வெள்ளம் அறுத்துப்போட்டுது. நெல் விளைஞ்சு நிக்குது, டிரக்டர் போக வழியில்ல. சண்டை முடிஞ்சு சனம் முகாமால திரும்பி வந்து செய்த முதல் வேளாண்மையாம். வட்டை விதானை, வயலெல்லாம் பார்க்கிற ஆள், கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னார்: "ஒரு மழை பிடிச்சா எல்லாம் சரிஞ்சிரும் மனே."

பாதி நிரப்பினன். பின்னேரம் எண்ணெய் ஒழுக்கு. தூக்குக்கை ஏறுது, தானா இறங்குது. காக்காவுக்குப் போன்.

"நாளைக்கு வெள்ளி. ஜும்மா முடிச்சு வாறன். எங்க?"

"கிரான் வட்டை."

"கிரானா?" எண்டு ரெண்டு தரம் கேட்டார். பிறகு, "வாறன்."

மாசி 12, வெள்ளி
காக்கா புது ஹோஸோட மோட்டார் சைக்கிளில. நான் தூக்குக்கையை உயர்த்தி எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு, ஒழுக்குப் பார்க்கக் கீழ தலையை நுழைக்கப் போனன்.

"பூட்டைப் போடாமப் போகாத!"

என்னை 'நீங்க' எண்டுதான் பேசுவார். இண்டைக்கு இல்ல. பூட்டு எண்டது, கை விழாமத் தாங்குற இரும்பு. எரிச்சலோட எடுத்துப் போட்டன். போட்டு முடிக்க, பழைய ஹோஸ் வெடிச்சுது. தூக்குக்கை டங்கெண்டு இரும்பில இருந்துது. முகமெல்லாம் எண்ணெய். பூட்டு இல்லாட்டி அது விழுற இடத்திலதான் என்ட கழுத்து.

ரெண்டு பேரும் மண்ணில இருந்தம். அவர் "அல்ஹம்துலில்லாஹ்" எண்டார். நான் "பிள்ளையாரே" எண்டன். பிறகு ஹோஸ் மாத்தினது. ஓடுது.

வசந்திக்குச் சொல்லணும். இண்டைக்கில்ல.

மாசி 13, சனி
நல்ல வெயில். பாதை முடிஞ்சுது. ரெண்டு டிரக்டர் உள்ள போயிட்டுது. பொம்பிளையள் குரவை போட்டாங்க.

காக்கா கூப்பிடாமலே வந்திருந்தார். வாய்க்காலுக்கு அங்கால, பத்தையும் முள்ளும் மண்டின காணியொண்டைப் பார்த்தபடி நிண்டார். விதானை கிட்டப் போய் முகத்தை உத்துப் பார்த்தார்.

"நீங்க காசிம் போடியார்ட மகனெல்லா? இது உங்கட வாப்பாட வயலெல்லா?"

"ஓம். ரெண்டு சனமும் அடிபட்ட நேரம் ஓடினது, இருபது வருசமாக் கால் வைக்கல்ல. பயம்."

"எங்களுக்கும் பயந்தான்." வயலைக் கையால காட்டி, "கண்ணிவெடியெல்லாம் பார்த்து முடிஞ்சுது. சிறுபோகத்துக்கு விதைக்கலாம்."

காக்கா கைலேஞ்சியால முகத்தைத் துடைச்சார். விதானை என்ட பக்கம் திரும்பினார்.

"மனே, டீசல் இருக்கா?"

இருந்துது. லோடரைப் பத்தைக்குள்ள விட்டன்.