உன் அறையில் காயும் கஞ்சா

நோவா ஸ்கோஷியா, கனடா,
செப்டம்பர் 24

மகனே,

அம்மாவுக்கு மூன்றாவது கீமோ முடிந்துவிட்டது. சாப்பிட்டது எதுவும் வயிற்றில் தங்குவதில்லை. கஞ்சாவுக்குக் கொஞ்சம் கேட்கும் என்று டாக்டரே சொன்னார். சட்டம் விடுகிற நாலு செடியை வீட்டுக்குப் பின்னால் நானே வளர்த்தேன். சிரிக்காதே.

முதல் செடியை வெட்டியதும், இந்த மூடுபனியில் பூஞ்சை பிடித்துவிடுமோ என்று பயந்து ஹீட்டர் பக்கத்தில் தொங்கவிட்டேன். இரண்டே நாளில் சருகாகிவிட்டது. அம்மா ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"வைக்கோலக் கொளுத்தின மாதிரி இருக்கு கிழவா. இதெல்லாம் தெரிஞ்சவன் ஒருத்தன் இந்த வீட்ல இருந்தான். அவனத்தான் நீ தொரத்திட்டியே."



நேற்று மற்ற மூன்றையும் வெட்டி உன் அறையில் தலைகீழாகக் கட்டியிருக்கிறேன். ஜன்னலில் போர்வை, மூலையில் சின்ன மின்விசிறி, எல்லாம் நீ வைத்திருந்தது போலவே. அன்றைக்கு அதையெல்லாம் பிய்த்தெறிந்தவன் நான்தானே, ஒன்றுகூட மறக்கவில்லை.

காய்ந்து, காம்பு வளையாமல் படக்கென்று ஒடிய இன்னும் பத்து நாள் ஆகும். அப்புறம் புட்டியில் அடைத்து, ஒரு மாதம் தினமும் திறந்து முகர்ந்து பதம் பார்க்க வேண்டுமாம். அது என் மூக்குக்குப் பிடிபடாது. அடுத்த மாதம் வரும் நன்றி சொல்லும் நாள் விருந்துக்கு மூன்று பேருக்கு வான்கோழி வாங்கச் சொல்லியிருக்கிறாள் அம்மா.

வெளிச்சம் படக்கூடாது என்பதால் உன் அறைக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன். பூட்டவில்லை.

அப்பா