பட்டினி போட்ட செல்கள்

அன்புள்ள அக்கா,

உன் வயிற்றில் கட்டியிருந்த நீரை எடுத்த அன்று, அதில் மிதக்கும் புற்றுநோய்ச் செல்களை வளர்த்துப் பார்க்க எங்கள் ஆய்வகத்துக்குக் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டேன். "என்னைத் தின்னுறதுக்கு நீ சோறு போட்டு வளக்கப் போறியா? பட்டினி போடுடி" என்று சிரித்தாய்.

அதைத்தான் செய்தோம். சினைப்பையில் வரும் இந்தப் புற்றுநோய்ச் செல்கள், உணவைச் சக்தியாக்க ஒரு நொதியை நம்பியே வளர்கின்றன. உன் செல்களை இரண்டு ஆய்வகத் தட்டுகளில் வளர்த்து, ஒன்றில் மட்டும் அந்த நொதியைத் தடுக்கும் மருந்தைக் கலந்தோம். இன்று காலை எண்ணினேன். மருந்து இல்லாத தட்டில் உன் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. மருந்து கலந்த தட்டில் பாதிகூட இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மதியம் அத்தான் கூப்பிட்டார். "மாத்திரையா எப்பம்மா வரும்? அவ கேக்கச் சொன்னா."

"சீக்கிரம் அத்தான்" என்றேன். அவரிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. உன்னிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அடுத்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும், அதன் பிறகுதான் மனிதர்களுக்கு. பத்து வருடம் ஆகலாம், அக்கா. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அதுதான்.

உடனே விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். "வேலை சூடு பிடிக்கிற நேரத்துல லீவா?" என்று தலைமை ஆய்வாளர் கேட்டார். மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றேன். எத்தனை நாள் என்ற கட்டத்தை நான் நிரப்பவில்லை. அவர் படிவத்தை இரண்டு முறை பார்த்தார். பிறகு அப்படியே கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்துவிடுவேன். நீ எழுந்து வராதே, அத்தானே கதவைத் திறக்கட்டும்.

உன் தங்கச்சி